கடைசியாக வந்தவருக்கும் மாலை உண்டு!

குதிரைப் பந்தயம் என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எந்தக் குதிரை முதலில் வந்தது?"

அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துவிட்டு, வேறு ஒரு கேள்வியை முதலில் கேட்கும் போட்டி ஒன்று இருக்கிறது. "குதிரை நலமாக வந்ததா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தப் போட்டிக்கு நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்று பெயர். உலகத்தின் பல நாடுகளில் இது நடக்கிறது. இந்தியாவிலும் நடக்கிறது.

இந்தப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அவர்கள் கலந்து கொள்ளும் குறைந்த தூரச் சவாரிக்கும் மேடை வேண்டும், பரிசு வேண்டும். "சின்னப் போட்டிதானே!" என்று ஒதுக்கிவிடக் கூடாது. அப்படி ஒதுக்கினால் நஷ்டம் புதியவருக்கு மட்டும் அல்ல, வாயில்லாத குதிரைக்கும்தான்!

அது எப்படி?

டாக்டர்தான் நடுவர்!

கிண்டியில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு மைல், ஒன்றரை மைல் ஓட்டம். இரண்டு, மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நெடுந்தூரச் சவாரி அப்படி அல்ல. உலகப் போட்டியில் பெரியவர்களுக்கு 160 கிலோ மீட்டர் தூரம். சென்னையில் இருந்து புறப்பட்டால் ஏறத்தாழ விழுப்புரம் போய்ச் சேரும் தூரம். ஒரே நாள். ஒரே குதிரை. ஒரே ஆள்!

இவ்வளவு தூரத்தையும் ஒரே மூச்சில் போக விடமாட்டார்கள். பாதையைப் பல சுற்றுகளாகப் பிரித்து இருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையைக் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டர் முதலில் குதிரையின் நாடியைப் பார்ப்பார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை இதயம் துடிக்கும். ஓடி வந்த குதிரைக்கு அது பல மடங்கு ஏறி இருக்கும். குறித்த நேரத்துக்குள் அது 64க்கு இறங்க வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் இதுதான் கணக்கு.

பிறகு ஈறின் நிறத்தைப் பார்ப்பார். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். வயிற்றில் காது வைத்துக் கேட்பது போல, கருவியை வைத்துக் குடலின் சத்தத்தைக் கேட்பார். கடைசியாகக் குதிரையைச் சற்று ஓடவிட்டுப் பார்ப்பார். கால் நொண்டுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், கட்டாய ஓய்வு. அதன் பிறகே அடுத்த சுற்று. ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் அந்தக் குதிரைக்கு அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது.

எல்லைக் கோட்டை முதலில் தாண்டிய குதிரைக்கும் இதே சட்டம்தான். கடைசிச் சோதனையில் அது நொண்டினால், முதல் பரிசு கைநழுவிப் போகும்!

சின்னத் தூரம், பெரிய பாடம்

நீச்சல் தெரியாதவனை நடுக்கடலில் தள்ளிவிட முடியுமா? புதியவரை 160 கிலோ மீட்டருக்கு அனுப்புவதும் அதுபோலத்தான். அதனால் குறைந்த தூரச் சவாரிகளை ஏற்படுத்தி இருக்கிறார்கள். பெரும்பாலும் 40 கிலோ மீட்டரில் இருந்து இது தொடங்கும்.

அமெரிக்காவில் நெடுந்தூரச் சவாரிக்கு என்று ஒரு சங்கம் 1972ல் ஏற்பட்டது. அங்கே குறைந்த தூரச் சவாரி என்பது 25 மைல் முதல் 35 மைல் வரை. கிலோ மீட்டர் கணக்கில் 40 முதல் 56 வரை. அடையாறில் இருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ அவ்வளவு தூரம் இருக்கும்.

இந்தச் சின்னச் சவாரியில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தமாட்டார்கள். குதிரையின் நாடி 60க்கு இறங்கிய பிறகுதான் நிறுத்துவார்கள்!

இதன் பொருள் என்ன? இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் குதிரையைச் சாட்டையடி அடித்துப் பறந்து வருகிறார். குதிரைக்கு மூச்சு வாங்குகிறது. நாடி இறங்க இருபது நிமிடம் ஆகிறது. இன்னொருவர் கடைசி ஒரு மைல் இருக்கும்போதே இறங்கி, குதிரையோடு நடந்து வருகிறார். பத்து நிமிடம் பிந்தி வந்து சேர்கிறார். ஆனால் இரண்டே நிமிடத்தில் நாடி இறங்கிவிடுகிறது.

வென்றவர் யார்? பிந்தி வந்தவர்தான்!

உலகக் குதிரையேற்றச் சம்மேளனமும் புதியவர்களுக்குக் கடிவாளம் போட்டு இருக்கிறது. அவர்கள் மேல் போட்டிகளுக்குத் தகுதி பெற, முதலில் சில சவாரிகளை முடித்துக் காட்ட வேண்டும். அந்தச் சவாரிகளில் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. வேகமாகப் போனால் பலன் இல்லை; நிதானமாகப் போனால்தான் கணக்கில் சேரும்.

முதல் பாராட்டே முதல் பாடம்

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிசு மேடையில் என்ன நடக்கிறது?

பொதுவாக எந்த விளையாட்டிலும் பெரிய போட்டிக்குத்தான் பெரிய கோப்பை. படம் எடுப்பவர்கள் அங்கேதான் கூடுவார்கள். சின்னப் போட்டியில் கலந்து கொண்டவர்களோ, அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து இருப்பார்கள். ஒரு காகிதச் சான்றிதழ் கிடைத்தால் பெரிய காரியம்!

இதைப் பார்க்கும் புதியவர் மனதில் என்ன படியும்? "வேகமாகப் போனால்தான் மதிப்பு. தூரமாகப் போனால்தான் மதிப்பு" என்ற எண்ணம்தான் படியும். அடுத்த தடவை குதிரையை விரட்டுவார். அதன் அடுத்த தடவை இன்னும் விரட்டுவார்.

குதிரைக்கு ஒரு குணம் உண்டு. மேலே இருப்பவர் "போ" என்றால் அது போகும். "என்னால் முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்லத் தெரியாது. உடம்பில் தண்ணீர் வற்றினாலும் ஓடும். சூடு ஏறினாலும் ஓடும். சில வேளைகளில் விழுகிற வரை ஓடும்.

இது வெறும் பேச்சு அல்ல. பெரிய நெடுந்தூரப் போட்டிகளில் கால் முறிந்த குதிரைகள் உண்டு. உயிர் விட்ட குதிரைகளும் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளின் குதிரையேற்றச் சம்மேளனத்தை 2015ல் உலகச் சம்மேளனம் சில மாதங்கள் நீக்கி வைத்தது. நெடுந்தூரச் சவாரியில் குதிரைகளின் நலம் காக்கப்படவில்லை என்ற குறைதான் அதற்குக் காரணம்.

அப்படிப்பட்ட தவறு ஒரே நாளில் வளர்வது இல்லை. ஒருவர் முதன் முதலில் எதற்காகக் கைதட்டு வாங்குகிறாரோ, அதையே வாழ்நாள் முழுவதும் தேடுவார். ஆகவே புதியவரைப் பாராட்டினால் மட்டும் போதாது. எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதும் முக்கியம். குதிரையை நலமாகக் கொண்டு வந்ததற்காகப் பாராட்ட வேண்டும்!

முதல்வருக்கும் கடைசியாளுக்கும் ஒரே பரிசு!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெவிஸ் கோப்பைச் சவாரி என்று ஒன்று நடக்கிறது. மலையும் பள்ளமும் நிறைந்த பாதை. 100 மைல் தூரம். 1955ல் வெண்டல் ராபி என்பவர் சில தோழர்களுடன் அதைத் தொடங்கி வைத்தார். "ஒரே நாளில் ஒரு குதிரையால் இவ்வளவு தூரம் போக முடியுமா?" என்று கேட்டவர்களுக்குப் போய்க் காட்டினார்.

அங்கே 24 மணி நேரத்துக்குள் நல்ல குதிரையோடு முடிக்கும் ஒவ்வொருவருக்கும், பெல்ட்டில் மாட்டும் வெள்ளி பக்கிள் ஒன்று கொடுக்கிறார்கள். முதலில் வந்தவருக்கும் அதே பக்கிள். விடிகிற நேரத்தில் தள்ளாடி வந்து சேருகிற கடைசி ஆளுக்கும் அதே பக்கிள். அதை வாங்குவதற்காகவே பல ஆண்டுகள் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1964ல் ஹாகின் கோப்பை என்று இன்னொரு பரிசும் சேர்ந்தது. முதல் பத்து இடத்துக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல நிலையில் இருக்கிறதோ, அதற்கு அந்தக் கோப்பை. முதலில் வந்த குதிரைக்குத்தான் கிடைக்கும் என்பது இல்லை.

அமெரிக்காவின் பல சவாரிகளில் 'ஆமைப் பரிசு' என்றும் ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குள் கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு அந்தப் பரிசு! கேலிக்குக் கொடுப்பது அல்ல. "பொறுமையாக வந்தாய், குதிரையைப் பத்திரமாகக் கொண்டு வந்தாய், சபாஷ்!" என்று சொல்வதற்குத்தான்.

முயலும் ஆமையும் ஓடிய கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கதையைச் சொல்லிக் கொடுத்தால் போதுமா? ஆமைக்குப் பரிசும் கொடுக்க வேண்டாமா?

கேரளத்துப் பெண் காட்டிய வழி

சின்னச் சவாரியில் தொடங்குகிறவர்கள் எங்கே போய்ச் சேர முடியும்? அதற்கு நிதா அஞ்சும் ஓர் உதாரணம்.

இவர் கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் துபாயில் குதிரை ஏறப் பழகினார். 2023ல் பிரான்சு நாட்டில் இளையோருக்கான உலகப் போட்டி நடந்தது. 120 கிலோ மீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஏழரை மணி நேரத்தில் முடித்தார். அந்தப் போட்டியை முழுவதும் முடித்த முதல் இந்தியர் இவர்தான்.

அடுத்த ஆண்டு, 2024ல், பெரியவர்களுக்கான உலகப் போட்டி. அதுவும் பிரான்சில்தான். 160 கிலோ மீட்டர். அதையும் முடித்தார்!

செய்தியைப் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023ல் அவர் முதல் பரிசு வாங்கவில்லை. "முடித்தார்" என்பதற்காகத்தான் நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு சரியானதுதான். உலகப் போட்டியில் முடித்தவரைப் பாராட்டத் தெரிந்தவர்களுக்கு, 40 கிலோ மீட்டரை முதல் தடவை முடித்தவரைப் பாராட்ட மட்டும் ஏன் கை வரவில்லை?

"எல்லாருக்கும் பரிசா?"

சிலர் கேட்பார்கள். "வந்தவர்களுக்கு எல்லாம் பரிசு கொடுத்தால், பரிசுக்கு என்ன மதிப்பு? போட்டி என்றால் ஜெயிப்பவனுக்குத்தானே மாலை?"

கேள்வி நியாயமானதுதான். வந்து நின்றதற்கே பரிசு என்றால் அது தவறு. அப்படிச் செய்தால் குழந்தைகள் கூடச் சிரிப்பார்கள்.

ஆனால் இங்கே முடிப்பது என்பது சும்மா கிடைப்பது அல்ல. டாக்டர் ஒவ்வொரு சுற்றிலும் சோதிக்கிறார். டெவிஸ் சவாரியில் புறப்படுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்த பரிசு தானம் அல்ல; சம்பாதித்தது.

இன்னொன்றும் உண்டு. குதிரை சோர்ந்து இருப்பதைக் கண்டு, தானாகவே பாதியில் இறங்கி, "இன்றைக்கு இது போதும்" என்று திரும்பி வரும் புதியவரும் இருப்பார். பட்டியலில் அவர் தோற்றவர். உண்மையில், அன்று வந்தவர்களில் நல்ல சவாரிக்காரர் அவராகவே இருக்கலாம். அவரையும் மேடைக்கு அழைத்து, நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மயிலாப்பூரில் தெரியாததா?

புதியவரை மதிப்பது சென்னைக்குப் புதிது அல்ல.

மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிறைந்துவிடும். மாலையில் பெரிய வித்துவான்கள். டிக்கெட்டுக்குக் கூட்டம். மதியத்திலோ இளம் பிள்ளைகள் பாடுவார்கள். அரங்கத்தில் இருப்பவர்களை விடக் கேண்டீனில் இருப்பவர்கள் அதிகம் என்று கேலி செய்வார்கள்!

ஆனாலும் சபாக்கள் மதியக் கச்சேரியை நிறுத்துவது இல்லை. அங்கே நன்றாகப் பாடிய இளைஞருக்குப் பரிசு கொடுக்கும் சபாக்களும் உண்டு. இன்று மாலையில் பாடும் வித்துவான்களில் பலர், ஒரு காலத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் மதியத்தில் பாடியவர்கள்தான்.

பங்குனியில் கபாலீசுவரர் கோவில் அறுபத்து மூவர் விழாவைப் பாருங்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மட்டுமா மாட வீதியில் உலா வருகிறார்கள்? பெயர் கூடப் பலருக்குத் தெரியாத நாயன்மார்களும் உலா வருகிறார்கள். எல்லாருக்கும் மாலை, எல்லாருக்கும் கற்பூரம்!

குதிரையும் சென்னைக்குப் புதிது அல்ல. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த நாட்டு மக்கள். ஜட்கா வண்டிகள் ஓடிய ஊர் இது. இன்றும் மெரினாவில் குதிரைப் போலீஸ் ரோந்து வருகிறது.

பந்தயம் வேறு, சவாரி வேறு

"குதிரை என்றால் சூதாட்டம் வந்துவிடுமே!" என்று குடும்பத்துப் பெரியவர்கள் பயப்படுவார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பந்தயத்தில் பணம் கட்டி, வீட்டையும் நகையையும் இழந்தவர்கள் உண்டு.

அதனால்தான் 1974ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. அண்ணா மேம்பாலத்துக்கு அருகே, திமிறும் குதிரையை ஒரு மனிதன் பிடித்து அடக்கும் சிலை அதை நினைவூட்டுகிறது. பின்னர் 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது என்று தீர்ப்பு அளித்தது.

நெடுந்தூரச் சவாரியைப் பணம் கட்டும் பந்தயத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. இங்கே குதிரை மேல் பணம் கட்டுவது நோக்கம் அல்ல. தன் குதிரையைத் தானே பழக்கி, தானே ஏறி, தானே பராமரிப்பதுதான் இதன் உயிர். குதிரைக்குத் தண்ணீர் காட்டத் தெரியாதவர் இதில் பத்து மைல் கூடப் போக முடியாது.

சென்னையில் என்ன செய்யலாம்?

சென்னையின் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரை ஏற்றம் கற்றுக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அடையாறில் இருந்தும் மயிலாப்பூரில் இருந்தும் பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறார்கள். வட்டத்துக்குள் சுற்றப் பழகிய பிள்ளைக்கு அடுத்த படி என்ன? 40 கிலோ மீட்டர் கூட முதலில் வேண்டாம். 10, 20 கிலோ மீட்டர் பழக்கச் சவாரியில் தொடங்கலாம்.

சென்னை வெயிலையும் புழுக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்தால் குதிரையின் வியர்வை காயாது. உடம்புச் சூடு தணியாது. ஆகவே தை, மாசி மாதங்களில், விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

சோதனைக்கு டாக்டர் வேண்டுமே என்றால், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் இது நல்ல பழக்கமாக இருக்கும்.

பரிசுகள் எப்படி இருக்கலாம்? முதல் சவாரியை முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம். புதியவர்களின் குதிரைகளில் மிக நல்ல நிலையில் வந்த குதிரைக்கு ஒரு கோப்பை. கடைசியாக வந்தவருக்கு ஓர் ஆமைப் பரிசு. குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, இரவெல்லாம் கூட இருந்த குதிரைக்காரருக்கும் ஒரு பரிசு. அவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

முக்கியமாக, புதியவர்களின் பரிசளிப்பை முதலில் நடத்த வேண்டும். பெரிய சவாரிக்காரர்கள் எல்லாரும் அப்போது கூட்டத்தில் இருக்க வேண்டும். பதக்கத்தை அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லலாம். அனுபவம் உள்ள ஒருவர் தோளில் கை வைத்து, "அடுத்த தடவையும் வா" என்று சொன்னால், அதைவிடப் பெரிய கோப்பை வேறு இல்லை.

கடற்கரைக் குதிரைக்காரர்களுக்கும் இடம் உண்டா?

குதிரை ஏற்றம் செலவு பிடித்த கலை. குதிரைக்குத் தீனி வேண்டும்; லாடம் வேண்டும்; கொட்டகை வேண்டும். "இது பணக்காரர் விளையாட்டு" என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சம்பாதிக்கிறவர்கள் பணக்காரர்களா? குதிரையோடு பிறந்து குதிரையோடு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் சின்னச் சவாரியில் இடம் கொடுக்கலாம். டாக்டர் சோதனையும் இலவசமாகக் கிடைக்கும். எந்தக் குதிரைக்கு ஓய்வு தேவை, எதற்கு லாடம் மாற்ற வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும். பிள்ளைக்கு ஒரு பதக்கம். குதிரைக்கு ஒரு வைத்தியம்!

ஒரு பையன் பதக்கத்தோடு வீடு திரும்புகிறான். மற்ற பையன்கள் "எத்தனாவதாக வந்தாய்?" என்று கேட்பார்கள். "குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார்" என்று அவன் மார்தட்டிப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டுப் பெற்றோர்கள் பெருமைப்பட வேண்டும்.

அப்படிச் சொல்லும் பிள்ளைகள் பத்துப் பேர் கிடைத்தால் போதும். சென்னையில் நல்ல சவாரிக்காரர்களுக்குப் பஞ்சமே வராது!